நான்கு விளிம்பும் இறுகிய சதுரத் தட்டு: தொய்வு சரியாக வந்தால் போதுமா?

10 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகடு, ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். நான்கு விளிம்பும் கனமான சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டு, துளிகூடத் திரும்ப முடியாதபடி இறுகியிருக்கிறது. மேலே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன், எல்லா இடத்திலும் ஒரே சீராக. நடுவில் எவ்வளவு தொய்யும், எங்கே எவ்வளவு தகைவு (ஒரு பரப்பலகுக்கு உள்ளே எழும் விசை) வரும்?

கேள்வி எளிமையானது. பதிலுக்கு ஒரு மூடிய சூத்திரம் இல்லை. வட்டத் தட்டு என்றால் ஒரே வரியில் விடை வந்துவிடும். செவ்வகத் தட்டு வெறுமனே தாங்கப்பட்டிருந்தால், அதாவது விளிம்பு கீழே இறங்காது ஆனால் சுதந்திரமாகத் திரும்பும் என்றால், 1820-ல் நேவியர் பிரெஞ்சு அகாதெமியில் கொடுத்த சைன் தொடர் போதும். நான்கு பக்கமும் இறுகிவிட்டால் அந்தச் சைன்கள் உதவாது, ஏனென்றால் விளிம்பில் தொய்வும் பூச்சியம், சரிவும் பூச்சியம் என்ற இரண்டு நிபந்தனைகளையும் நான்கு பக்கமும் சேர்த்து நிறைவேற்றுகிற எளிய சார்பு எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் நூறு வருஷத்துக்கும் மேலாக, தட்டுக்கென்று புதிய கணிப்பு முறை யார் கண்டுபிடித்தாலும் முதலில் இந்தத் தட்டில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள். நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். கீழே வரும் சின்னக் கணக்குகள் எல்லாம் பேனாவும் தாளும் வைத்துப் போடக்கூடியவை, விருப்பமுள்ளவர்கள் போட்டுச் சரிபார்க்கலாம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். தொய்வை 'பாரம் × பக்கத்தின் நான்காம் அடுக்கு ÷ தட்டின் விறைப்பு' என்ற அலகில் எழுதினால் நடுப்புள்ளியின் குணகம் 0.00126532. மொமென்ட்டை, அதாவது தட்டை வளைக்கும் திருப்புவிசையை, 'பாரம் × பக்கத்தின் இருமடி' என்ற அலகில் எழுதினால், ஒவ்வொரு விளிம்பின் மத்தியிலும் 0.0513338 (மேற்பரப்பில் இழுவிசை), தட்டின் நடுவில் 0.0229051 (கீழ்ப்பரப்பில் இழுவிசை, பாய்சான் விகிதம், அதாவது இழுக்கும்போது பக்கவாட்டில் சுருங்கும் விகிதம், 0.3). நம் எஃகுத் தகட்டுக்கு யங் குணகம் (பொருள் நீட்சியை எதிர்க்கும் அளவு) 200 கிகாபாஸ்கல் என்று போட்டால் விறைப்பு சுமார் 18,315 நியூட்டன்-மீட்டர், நடுத் தொய்வு 0.69 மி.மீ., விளிம்பு மத்தியில் தகைவு 30.8 மெகாபாஸ்கல், நடுவில் 13.7. தகடு முதலில் சிரமப்படுவது விளிம்பில்தான், நடுவில் அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் நிறைய ஒப்பீட்டு அட்டவணைகளில் நடுத் தொய்வு மட்டும்தான் இருக்கும், விளிம்பு மொமென்ட் இருக்கவே இருக்காது.

சரி, கட்டம் போட்டுக் கணக்கிடும் முறையில் ஆரம்பிப்போம். தட்டின் சமன்பாட்டில் நான்காம் வகைக்கெழு வருகிறது. அதைப் புள்ளிகளாக மாற்றினால் 13 புள்ளி வாய்பாடு கிடைக்கும்: நடுப்புள்ளிக்கு 20, ஒட்டிய நான்குக்கும் கழித்தல் 8, மூலைவிட்டத்து நான்குக்கும் 2, இரண்டு கட்டம் தள்ளியுள்ள நான்குக்கும் 1. விளிம்பில் சரிவு பூச்சியம் என்பதை, தட்டுக்கு வெளியே ஒரு கற்பனைப் புள்ளி வைத்து, உள்ளே இருக்கும் அடுத்த புள்ளியின் மதிப்பையே அதற்கும் கொடுத்துச் சொல்வார்கள். பக்கத்தை இரண்டாகப் பிரித்தால் உள்ளே ஒரே புள்ளி. அதன் சமன்பாடு 20-ம் வெளியிலிருந்து வரும் நான்கும் சேர்ந்து 24 ஆகிறது, வலப்பக்கம் பதினாறில் ஒன்று, ஆக விடை 384-ல் ஒன்று, அதாவது 0.002604. சரியான மதிப்பைவிட இருமடங்குக்கும் மேல்.

நான்காகப் பிரித்தால் சமச்சீரால் மூன்று தெரியாத எண்கள் மட்டுமே மிஞ்சும். தீர்த்தால் நடுத் தொய்வு 0.001800, பிழை 42 சதவீதம். ஆறாகப் பிரித்தால் ஆறு தெரியாத எண்கள், விடை 0.001534, பிழை 21 சதவீதம். இந்த இடத்தில் பலர் 'இந்த முறை உதவாது' என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள். ஆனால் மொமென்ட்டைப் பாருங்கள். ஆறு பிரிவில் நடு மொமென்ட் 0.0238, பிழை 4 சதவீதம்தான். நான்கு பிரிவில்கூட 0.0246, பிழை 8 சதவீதத்துக்குள். தொய்வு 42 சதவீதம் தப்பாக இருக்கும்போது மொமென்ட் எப்படி இவ்வளவு நன்றாக வந்தது? விளிம்பில் வைத்த கற்பனைப் புள்ளி, விளிம்பை உண்மையைவிடக் கொஞ்சம் தளர்வாக ஆக்குகிறது, அதனால் தட்டின் நடுப்பகுதி கிட்டத்தட்ட ஒருசேரக் கீழே இறங்குகிறது. ஒருசேர இறங்குவது நடு மொமென்ட்டுக்குத் தெரியாது, அது பார்ப்பதெல்லாம் பக்கத்துப் புள்ளிகளின் வித்தியாசத்தின் வித்தியாசத்தை மட்டுமே. விளிம்பு மொமென்ட்டோ அந்தத் தளர்வின் விலையை நேரடியாகக் கொடுக்கிறது: நான்கு பிரிவில் 0.0386, ஆறு பிரிவில் 0.0447, அதாவது 25, 13 சதவீதம் குறைவு. குறைவு என்பதுதான் கவலை, ஏனென்றால் தகடு முதலில் தோற்கும் இடத்தில் தகைவைக் குறைத்துக் காட்டுகிறது.

இதே முறையிலிருந்து இன்னும் கொஞ்சம் கறக்கலாம். பிழை கட்ட அளவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது என்று தெரிந்தால், இரண்டு விடைகளை வைத்து மூன்றாவதை ஊகிக்கலாம், ரிச்சர்ட்சன் முறை. நான்கு, ஆறு பிரிவுகளின் விடைகளைச் சேர்த்தால் தொய்வு 0.001322, பிழை நாலரை சதவீதம். விளிம்பு மொமென்ட் 0.0496, பிழை 3.4 சதவீதம். நடு மொமென்ட் 0.0231, பிழை ஒரு சதவீதத்துக்குள். இரண்டு பிரிவு விடையையும் சேர்த்து இன்னொரு படி போனால் தொய்வு 0.001296, பிழை 2.4 சதவீதம். கட்டத்தைச் சின்னதாக்காமலே 21 சதவீதத்திலிருந்து இரண்டரைக்குள் வந்துவிட்டோம். கைக்கணக்குக்கு இது மோசமே இல்லை.

இனி வேறு பக்கம் போவோம். வால்டர் ரிட்ஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், 1878-ல் சியோன் ஊரில் பிறந்தவர். பாரிஸ் அகாதெமி 1907-ன் வையான் பரிசுக்கு இந்த இறுகிய தட்டையே தலைப்பாக வைத்தது. ரிட்ஸும் கட்டுரை அனுப்பினார், பரிசு கிடைக்கவில்லை. பரிசு பெற்றவர்களில் கணிதவியலாளர் ஹடமார்ட் இருந்தார். ரிட்ஸ் தன் முறையை 1908, 1909-ல் வெளியிட்டார், 1909-லேயே காசநோயால் இறந்துபோனார், வயது 31. அவர் சொன்னது இதுதான்: சமன்பாட்டைப் புள்ளிப் புள்ளியாகத் துண்டாக்காதே. விளிம்பு நிபந்தனைகளை முழுதாக நிறைவேற்றும் சில வடிவங்களை முதலிலேயே தேர்ந்தெடு, அவற்றின் கலவையில் மொத்த ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள். ரஷ்யாவில் புப்னோவும், 1915-ல் காலெர்கினும் கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார்கள். பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது எலிமென்ட்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் இன்றைய ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள்களுக்கெல்லாம் மூலம் இங்கேதான் இருக்கிறது.

நம் தட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். நடுவைத் தொடக்கமாகவும் அரைப் பக்கத்தை ஒன்றாகவும் வைத்து, ஒன்றிலிருந்து தூரத்தின் இருமடியைக் கழித்து மீதியை இருமடியாக்குங்கள். இது விளிம்பில் தானும் பூச்சியம், சரிவும் பூச்சியம். இரண்டு திசைக்கும் இதைச் செய்து பெருக்கினால் முதல் வடிவம் தயார், தெரியாத எண் ஒன்றே ஒன்று. தொய்வு 0.001329, பிழை 5 சதவீதம். கட்ட முறையில் ஒரு தெரியாத எண் 106 சதவீதப் பிழை கொடுத்தது, இங்கே 5. இப்படிப் பார்த்தால் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் மொமென்ட்டை எடுத்தால் விளிம்பில் 0.0425, நடுவில் 0.0276. ஒன்று 17 சதவீதம் குறைவு, மற்றது 21 சதவீதம் அதிகம். தொய்வின் 5 சதவீதத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டவர் தகைவில் எங்கே நிற்கிறார் பாருங்கள்.

இன்னும் கூர்மையான உதாரணம் வேண்டுமா? 1965-ல் போக்னர், ஃபாக்ஸ், ஷ்மிட் மூவரும் ஒரு செவ்வக எலிமென்ட்டைக் கொடுத்தார்கள், மூலைக்கு நான்கு வீதம் 16 மாறிகள், எலிமென்ட்டுகள் சேரும் இடத்தில் சரிவும் தொடர்ச்சியாக இருக்கும். நம் தட்டின் கால்பகுதிக்கு அப்படி ஒன்றே ஒன்றை வைத்தால், சமச்சீரும் இறுகிய விளிம்பும் சேர்ந்து 15 மாறிகளைப் பூச்சியமாக்கிவிடும், மிஞ்சுவது நடுத் தொய்வு மட்டும். விடை 0.001325, பிழை 4.7 சதவீதம். சரி, நடு மொமென்ட்? 0.0413. உண்மை மதிப்பைவிட 80 சதவீதம் அதிகம். விளிம்பில் 0.0318, 38 சதவீதம் குறைவு. தொய்வை மட்டும் வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன ரிட்ஸ் கணக்கைவிட இது ஒரு நூல் மேல், மொமென்ட்டை வைத்துப் பார்த்தால் பக்கத்திலேயே வர முடியாது. மொமென்ட் என்பது தொய்வின் இரண்டாம் வகைக்கெழு. ஒரு வளைகோடு இன்னொன்றோடு ஒட்டிப்போனாலும் அதன் வளைவு ஒட்டிப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. எலிமென்ட்டில் குறை எதுவும் இல்லை, அது மிக நல்ல எலிமென்ட்தான், நாலு பக்கமும் பிரித்து எண்ணிக்கையைக் கூட்டினால் மொமென்ட்டும் வேகமாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும். ஒற்றை எண்ணை வைத்து ஒரு முறையை எடைபோட முடியாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நேவியர் தொடரிலும் இதே கதைதான். வெறுமனே தாங்கிய சதுரத் தட்டின் நடுத் தொய்வு 0.00406235. தொடரின் முதல் உறுப்பு மட்டும் எடுத்தால் 0.00416, பிழை 2.4 சதவீதம். அதே முதல் உறுப்பில் நடு மொமென்ட் 0.0534, சரியானது 0.0479, பிழை பதினொன்றரை சதவீதம்.

மறுபடி ரிட்ஸுக்கு வருவோம், ஏனென்றால் அழகான விஷயம் இங்கேதான் இருக்கிறது. முதல் வடிவத்தோடு, அதையே தூரத்தின் இருமடியால் பெருக்கிய வடிவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு திசையும் சமம் என்பதால் மொத்தம் மூன்று தெரியாத எண்கள். மூன்று சமன்பாடு, ஒரு மாலை நேரத்து வேலை. தீர்த்தால் தொய்வு 0.0012645, பிழை 0.07 சதவீதம். விளிம்பு மொமென்ட் 0.05116, நடு மொமென்ட் 0.02283, இரண்டிலும் பிழை 0.35 சதவீதம் அளவில். வெறும் மூன்று எண்கள்! ஆறு எண்கள் வைத்த கட்ட முறை 21 சதவீதத்தில் தடுமாறிக்கொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். இதில் தந்திரம் எதுவும் இல்லை. விடையே மிகவும் மென்மையான சார்பு, விளிம்பு நிபந்தனை தோராயமில்லாமல் முழுதாக நிறைவேறியிருக்கிறது, பல்லுறுப்புக்கோவைக்கு இதைவிட வசதியான களம் கிடைக்காது. படியைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு படிக்கும் இலக்கங்கள் கூடிக்கொண்டே போகும். செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகளை வைத்து இன்று செய்யும் ஸ்பெக்ட்ரல் முறைகளின் பலமும் இதேதான்.

அந்த 0.0229-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தட்டின் நடு மொமென்ட் பல கையேடுகளில் 0.0231 என்று இருக்கும். திமொஷென்கோவும் வொய்னோவ்ஸ்கி-க்ரீகரும் எழுதிய தட்டுப் பாடநூலின் 1959 பதிப்பின் அட்டவணையிலிருந்து அது பரவியது. தொய்வு 0.00126, விளிம்பு மொமென்ட் 0.0513 இரண்டும் அங்கே சரியாகவே இருக்கின்றன, நடு மொமென்ட்டின் கடைசி இலக்கங்கள்தான் சற்றுத் தள்ளிப் போயிருக்கின்றன. 2004-ல் பெர்க்லியிலிருந்து டெய்லர், கோவிந்த்ஜி இருவரும் இந்தத் தட்டுகளை மறுபடி நுட்பமாகக் கணக்கிட்டு வெளியிட்டார்கள், சதுரத் தட்டுக்கு 0.0229 வந்தது. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, எந்தத் தகடும் இதனால் உடையப் போவதில்லை. ஆனால் ஒருவர் தன் நிரலை 0.0231-ஓடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? கட்டத்தைச் சின்னதாக்கச் சின்னதாக்க நிரல் 0.0229-ஐ நோக்கிப் போகும், பிழை குறைந்து வந்து 0.9 சதவீதத்தில் நின்றுவிடும், நிரலில் இல்லாத குற்றத்தைத் தேடி அவர் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார். உயர்துல்லியக் கணிப்பின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான். தட்டின் தடிமன் 2 சதவீதம் குறைந்தாலே தொய்வு 6 சதவீதம் கூடிவிடும், விளிம்பு முழுதாக இறுகாமல் வெறுமனே தாங்கியதாகிவிட்டால் நம் 0.69 மி.மீ. 2.2 மி.மீ. ஆகிவிடும். அந்தத் தட்டுக்கு ஆறு இலக்கம் தேவையில்லை. தட்டைக் கணக்கிடும் நிரலுக்குத் தேவை. நிரல் சரியான வேகத்தில் சரியான எண்ணை நோக்கிப் போகிறதா என்று அளக்க, போய்ச் சேரும் இடம் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஆறு இலக்கங்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு, இன்றும் அருமையான வழி. 1913-ல் ஹென்கி தன் ஆய்வேட்டில் செய்தது. முதலில் தட்டு வெறுமனே தாங்கப்பட்டதாக வைத்து விடை எழுது. விளிம்புகள் திரும்பியிருக்கும். அடுத்து நான்கு விளிம்பிலும் தெரியாத மொமென்ட்டுகளைத் தொடராக எழுதி ஏற்று, திரும்பல் எல்லா இடத்திலும் பூச்சியமாகும்படி அந்தத் தொடரின் குணகங்களைக் கண்டுபிடி. சமன்பாடு தட்டுக்குள் எல்லாப் புள்ளியிலும் பிசகாமல் நிறைவேறியிருக்கும், தோராயம் விளிம்பில் மட்டும்தான். கிடைப்பது முடிவில்லாத சமன்பாட்டுத் தொகுதி, ஆனால் சில உறுப்புகளோடு வெட்டினாலே நல்ல விடை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, நாம் அதிகம் கவலைப்படும் விளிம்பு மொமென்ட்டே இங்கே நேரடியாகத் தேடப்படும் எண் என்பது. தொய்வைக் கண்டுபிடித்து, அதை இரண்டு முறை வகையிட்டுத் துல்லியத்தை இழக்கிற வேலை இல்லை.

இனி மூலை. தட்டின் நான்கு மூலைகளிலும் விடை முழு மென்மை இல்லை. மூலையிலிருந்து தூரத்தின் 3.74-ம் அடுக்கு மாதிரி தொய்வு போகிறது, அதோடு ஒரு மெல்லிய அலைவும் சேர்ந்து. இரண்டு இறுகிய சுவர் சேரும் மூலையில் பிசுபிசுப்பான திரவம் சின்னச் சின்னச் சுழல்களாகச் சுற்றும் என்று மொஃபாட் காட்டினார், அந்தச் சமன்பாடும் நம் தட்டின் சமன்பாடும் ஒன்றே. அதனால் மூலைக்கு மிக அருகில் தட்டு பாரத்துக்கு எதிராக மேல்நோக்கியும் வளைகிறது, அப்புறம் கீழே, மறுபடி மேலே, முடிவில்லாமல். ஒவ்வொரு மாற்றமும் முந்தையதைவிடப் 16 மடங்குக்கும் அதிகமாக மூலைக்கு நெருங்கி வரும், அளவும் முப்பதாயிரம் மடங்குக்கு மேல் சுருங்கிவிடும். அளந்து பார்க்கவே முடியாத நுணுக்கம். ஆனாலும் ஆழமான விஷயம், ஏனென்றால் 'கீழ்நோக்கித் தள்ளினால் இறுகிய தட்டு எல்லா இடத்திலும் கீழே போகும்' என்று ஹடமார்ட் காலத்தில் நம்பினார்கள். வட்டத்துக்கு அது உண்மை, 1905-ல் பொஜியோ நிரூபித்தார். பொதுவாக உண்மையில்லை என்று 1949-ல் டஃபின் காட்டினார், நீண்ட நீள்வட்டத்துக்கே பொய்த்துப்போகும் என்று 1951-ல் கராபெடியன் காட்டினார்.

செங்கோண மூலை நமக்குச் சாதகமானது, 3.74 என்பது நல்ல மென்மை, மொமென்ட் மூலையில் பூச்சியத்துக்குப் போய்விடுகிறது. தட்டை எல் வடிவத்தில் வெட்டினால் நிலைமை தலைகீழ். உள்நோக்கிய 270 பாகை மூலையில் தொய்வு தூரத்தின் 1.54-ம் அடுக்காகப் போகும், இரண்டு முறை வகையிட்டால் மொமென்ட் மூலையில் முடிவிலியை நோக்கி ஓடும். அங்கே பல்லுறுப்புக்கோவையின் படியைக் கூட்டிப் பெரிய பயன் இல்லை. மூலையைச் சுற்றிக் கட்டத்தைப் படிப்படியாகச் சின்னதாக்க வேண்டும், இல்லையென்றால் அந்த 1.54 அடுக்குச் சார்பையே தொடரில் ஓர் உறுப்பாகச் சேர்க்க வேண்டும். அந்த மூலையில் உங்கள் மென்பொருள் காட்டும் தகைவு எண்ணுக்குப் பொருளே கிடையாது, கட்டத்தைப் பாதியாக்கினால் எண் ஏறிக்கொண்டே போகும்.

'கணினிதான் வேகமாக இருக்கிறதே, கட்ட முறையிலேயே ஆயிரம் பிரிவு போட்டுவிடலாமே' என்று கேட்கலாம். நான்காம் வகைக்கெழு அதற்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறது. கட்டத்தைச் சின்னதாக்கும்போது சமன்பாட்டுத் தொகுதியின் மிகப் பெரிய ஐகன் மதிப்புக்கும் (தொகுதி ஒரு வடிவத்தை எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்) மிகச் சிறியதற்கும் உள்ள விகிதம் பிரிவுகளின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. 100 பிரிவுக்கு அது சுமார் 50 லட்சம், 1000 பிரிவுக்குச் சுமார் 5000 கோடி. இரட்டைத் துல்லிய எண்ணில் நமக்கு இருப்பது 16 இலக்கம், அதில் பத்துப் பதினொன்று இப்படிக் கரைந்துபோக இடமிருக்கிறது, மிஞ்சுவது ஐந்தாறு. முறையின் சொந்தப் பிழையும் 1000 பிரிவில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இரண்டு கோடும் அங்கே சந்தித்துவிடுகின்றன, அதற்கு மேல் பிரித்தால் விடை மேம்படாமல் கெட ஆரம்பிக்கும். ஒற்றைத் துல்லியத்தில், அதாவது ஏழு இலக்கத்தில், வேகத்துக்காகக் கிராபிக்ஸ் அட்டையில் ஓட்டுகிறவர்கள் 100 பிரிவிலேயே இந்தச் சுவரில் முட்டலாம். ஸ்பெக்ட்ரல் முறையைப் புள்ளிகளில் நேரடியாக வகையிட்டுச் செய்தால் விகிதம் எட்டாம் அடுக்காகக் கூடும், அது இன்னும் மோசம். ஆனால் அங்கே இருபது, முப்பது புள்ளிகளிலேயே வேலை முடிந்துவிடும் என்பதால் தப்பித்துக்கொள்கிறோம். விளிம்பு நிபந்தனைகளை உள்ளேயே கொண்ட அடிப்படைச் சார்புகளை எடுத்தால் அந்தத் தொல்லையும் பெரும்பாலும் போய்விடும்.

கடைசியாக ஒன்று, இலக்கத்தைப் பற்றிய பேச்சையே புரட்டிப்போடுவது. வெறுமனே தாங்கிய வட்டத் தட்டு, சீரான பாரம். 'பாரம் × ஆரத்தின் நான்காம் அடுக்கு ÷ விறைப்பு' என்ற அலகில் நடுத் தொய்வு 0.0637, பாய்சான் விகிதம் 0.3-க்கு. இப்போது வட்டத்துக்குப் பதிலாக, அதற்குள் பொருந்தும் ஒழுங்கான பலகோணத்தை எடுத்து, பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். நூறு பக்கம், ஆயிரம் பக்கம். கண்ணுக்கு அது வட்டமேதான். ஒவ்வொரு பலகோணத்தையும் எத்தனை இலக்கத்துக்கு வேண்டுமானாலும் துல்லியமாகத் தீருங்கள். விடை 0.0637-ஐ நோக்கிப் போகாது, 0.0469-ஐ நோக்கிப் போகும், 26 சதவீதம் குறைவாக. 1952-ல் சபோன்ஜியன் இதைத் தொட்டார், 1960-களின் தொடக்கத்தில் செக் நாட்டுக் கணிதவியலாளர் இவோ பாபுஷ்கா தெளிவாக அலசினார், அவர் பெயரிலேயே பாபுஷ்கா முரண் என்கிறார்கள்.

காரணம் விளிம்பில் இருக்கிறது. நேர்கோட்டு விளிம்பில் தொய்வு பூச்சியம் என்றால் அந்தக் கோட்டோடு வளைவும் பூச்சியம். குறுக்கு மொமென்ட்டும் பூச்சியம் என்பதால் குறுக்கு வளைவும் பூச்சியமாகிவிடும், பாய்சான் விகிதம் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடும். வட்ட விளிம்பில் அப்படி இல்லை: விளிம்பு திரும்பும்போது சரிவை ஆரத்தால் வகுத்த அளவுக்கு விளிம்போடு ஒரு வளைவு வந்தே தீரும். பலகோணத்தின் ஒவ்வொரு உச்சியிலும் இரண்டு நேர்கோடுகள் சேர்வதால் அங்கே சரிவு எந்தத் திசையிலும் இருக்க முடியாது, அந்த உச்சி சத்தமில்லாமல் ஒரு சின்ன இறுக்கமாகிவிடுகிறது. பக்கம் கூடக்கூட உச்சிகளும் கூடும். முழுக்க இறுகிய வட்டத்தின் 0.0156 வரை அது போவதில்லை, ஆனால் சுதந்திரமான விளிம்பாகவும் இருக்க விடுவதில்லை. நேர்ப்பக்க எலிமென்ட்டுகளால் வட்டத்தைத் தோராயமாக்கி, விளிம்பில் தொய்வோடு சேர்த்துத் தொடுகோட்டுத் திசைச் சுழற்சியையும் பூட்டுகிறவர்கள் இன்றும் இதில் மாட்டிக்கொள்ளலாம். கட்டத்தைச் சின்னதாக்கும்போது விடை அழகாக ஒரு எண்ணில் நின்றுவிடும், அதுதான் இதிலுள்ள ஆபத்து. வளைந்த விளிம்புள்ள எலிமென்ட் எடுத்தாலோ, தடித்த தட்டுக் கோட்பாட்டில் தொய்வை மட்டும் பூட்டிச் சுழற்சியை விட்டுவிட்டாலோ முரண் போய்விடும். இறுகிய வட்டத்தில் இந்தப் பிரச்சினையே வராது, ஏனென்றால் அங்கே நிபந்தனையில் விளிம்பின் வளைவுக்கு இடமில்லை.

உங்கள் நிரலையோ அலுவலக மென்பொருளையோ இந்தத் தட்டில் ஓட்டிப் பார்ப்பதென்றால் சதுரத்தை 4, 8, 16, 32 என்று பிரித்து, மூன்று எண்களையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்: 0.00126532, 0.0513338, 0.0229051. ஒவ்வொன்றின் பிழையும் அடுத்தடுத்த படியில் எத்தனை மடங்கு குறைகிறது என்று பாருங்கள், மூன்றும் ஒரே வேகத்தில் குறையாது. தடிமன் பக்கத்தில் நூறில் ஒன்று அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும். பத்தில் ஒன்று வைத்தால் குறுக்கு வெட்டுச் சிதைவு சேர்ந்து தொய்வு 0.0015-க்குப் போய்விடும், அது நிரலின் பிழை இல்லை, வேறு கோட்பாடு. தொய்வு தடிமனில் பாதியை நெருங்கினால் நேரியல் கணக்கே செல்லாது, 1910-ல் ஃபான் கார்மன் எழுதிய சமன்பாடுகளுக்குப் போக வேண்டும். அப்புறம் வட்டத் தட்டை வெறுமனே தாங்கி இதே மாதிரி ஓட்டுங்கள், விடை 0.0637-க்குப் போகிறதா 0.0469-க்குப் போகிறதா என்று பார்த்தால் விளிம்பில் உங்கள் மென்பொருள் எதைப் பூட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.